ஜப்பானுக்குள்ளே ஒரு ஹாலந்து – தனியாய்ப் போய்ப் பார்த்தேன்!

“எத்தனை பேர்?”

ஜப்பானில் ஓட்டலானாலும் சரி, ராட்டினமானாலும் சரி, வாசலில் நிற்கிறவர்கள் சிரித்த முகத்தோடு முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பாஷை தெரியாவிட்டாலும் பாதகமில்லை, விரலைக் காட்டினால் போதும். என்னுடைய நாற்பத்தாறு வயதில் இந்தக் கேள்விக்கு நான் நாலு விரல், ஐந்து விரல்தான் காட்டியிருக்கிறேன். மாமியார், இவர், இரண்டு பிள்ளைகள், நான் என்று எப்போதும் ஒரு பட்டாளம் கூட இருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு விரலைக் காட்டி, “ஹிதோரி” என்றேன். ‘ஒரே ஒருத்தி’ என்று அர்த்தம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சகோதரிகளிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

பத்தியச் சமையலுக்குப் போன இடத்தில்...

நான் ஜப்பானுக்கு ஊர் சுற்றப் போகவில்லை. என் தங்கை கணவருடன் ஃபுகுவோகா நகரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துக் குழந்தை உண்டானாள். அம்மா இல்லை. பிரசவம் பார்க்க நான்தானே போக வேண்டும்? 2024-ல் பூண்டு, சுக்கு, ஓமம், பெருங்காயம், பிரசவ லேகியம் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், தாய்க்குப் பத்தியச் சமையல், துணி துவைப்பது, ராத்திரி கண் விழிப்பது... ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒரு துண்டு வானம்தான் நான் பார்த்த ஜப்பான். ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது தங்கை பிடிவாதமாகச் சொன்னாள்.

“அக்கா, நாளைக்கு இவர் லீவு போட்டிருக்கார். குழந்தையை நாங்க பார்த்துக்கறோம். நீ ஒரு நாளாவது உனக்குன்னு எங்கேயாவது போயிட்டு வா.”

“எனக்கென்னடி வேணும்? எங்கே போறதுக்கு இருக்கு?” என்றேன்.

“ஹவுஸ் டென் பாஷ் போ. நேர் ரயில் இருக்கு. ஹாலந்து தேசத்தையே கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கும்.”

ஊரில் இவருக்குப் போன் செய்து சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, “தனியாவா? எதுக்கு?” என்றார். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. “பார்த்துட்டு வர்றேங்க” என்று மட்டும் சொன்னேன். டிக்கெட் விலையை ரூபாயில் கணக்குப் பார்த்தபோது எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் கணக்கு கண் முன் வந்தது. தங்கை என்னைக் கேட்காமலே வாங்கிவிட்டாள்.

பாதி வழியில் பிரியும் ரயில்

ஃபுகுவோகாவின் பெரிய ஸ்டேஷனுக்கு ஹகாதா என்று பெயர். அங்கிருந்து ‘ஹவுஸ் டென் பாஷ்’ என்றே பெயர் போட்ட எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘மிதோரி’ என்ற இன்னொரு ரயிலும் இதோடு சேர்ந்தே வரும். ஹைகி என்ற ஸ்டேஷனில் இரண்டும் பிரிந்து, அது ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும். தெரியாமல் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஊரில்தான் இறங்க வேண்டும். “பெட்டி நம்பரைப் பாருங்க அக்கா” என்று தங்கை கணவர் பத்துத் தடவை சொல்லியனுப்பினார். நான் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்து அது வியர்வையில் நனைந்தேவிட்டது.

பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. எண்பது வயதிருக்கும். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பெட்டி சரிதான் என்று தலையசைத்தார். கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அதோடு வந்தது அந்தக் கேள்வி: “ஹிதோரி?”

நான் தலையசைத்தேன். ‘ஐயோ பாவம்’ என்று பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ பளிச்சென்று சிரித்து, தன்னையும் தொட்டுக் காட்டி ஒரு விரலைக் காட்டினார். அவரும் ஒருத்திதான்! நான் புளிசாதம் கொடுத்தேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தாலும் முழுவதும் சாப்பிட்டு முடித்தார்.

இந்தக் காலத்தில் செல்போனில் பேசினால் அதுவே மொழிபெயர்த்துத் தருகிறதல்லவா? ஹவுஸ் டென் பாஷுக்குப் போகிறேன் என்றதும் பாட்டி போனை வாங்கி ஏதோ பேசினார். திரையில் தமிழில் வந்தது: “அந்த இடம் எனக்கு இரண்டு வயது. தாயின் முதுகு. கப்பல்.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்பதற்குள் ஹைகி வந்துவிட்டது. பாட்டி இறங்கி, ரயில் நகரும் வரை பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தார்.

ஹாலந்துக்கும் ஜப்பானுக்கும் என்ன உறவு?

ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஆம்ஸ்டர்டாம் ரயில் நிலையத்தைப் போலவே கட்டிய ஓட்டல். பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் காற்றாடி ஆலைகள், செங்கல் வீடுகள், கால்வாய்கள், கல் பாவிய தெருக்கள். ஜப்பானிய எழுத்து மட்டும் கண்ணில் படாவிட்டால் ஐரோப்பா என்று சத்தியம் செய்துவிடலாம்.

‘இங்கே எதற்கு ஹாலந்து?’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. காரணம் இருக்கிறது. இந்த இடம் நாகசாகி மாவட்டத்தில், சசெபோ நகரைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஜப்பான் வெள்ளைக்காரர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில் வியாபாரம் செய்ய இடம் கொடுத்தார்கள். விசிறி வடிவத் தீவு. அகலம் 75 மீட்டர், நீளம் சுமார் 120 மீட்டர், அவ்வளவுதான். 1641 முதல் 200 வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு மருந்து, புத்தகம், கண்ணாடி எது வந்தாலும் அந்த வழியாகத்தான் வந்தது.

நமக்கும் இதில் ஒரு நூல் இழை உண்டு, சகோதரிகளே! நான் நாகப்பட்டினத்துக்காரி. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தவர்கள் இதே டச்சுக்காரர்கள்தான். 1781-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடுங்கும் வரை அவர்களிடமே இருந்தது. நம் சோழ மண்டலக் கரையில் நெய்த துணிகளை அவர்கள் கப்பல்கள் ஜப்பான் வரை கொண்டுபோயின. கோடு போட்ட ஒரு வகைப் பருத்தித் துணிக்கு அந்தக் கால ஜப்பானியர் ‘சாந்தோமே’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். சென்னை சாந்தோம்தான் அது! நாம் ‘ஒல்லாந்தர்’ என்கிறோம், அவர்கள் ‘ஒரந்தா’ என்கிறார்கள். நாம் கையில் பிடிக்கும் ‘துட்டு’ டச்சு நாணயத்தின் பெயர். ஜப்பானியப் பிள்ளைகள் முதுகில் மாட்டும் பள்ளிப் பையின் பெயர் ‘ரந்தோசேரு’, அதுவும் டச்சு வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

உப்புக்காற்று மண்ணில் நாலு லட்சம் மரம்

1983-ல் முதலில் பக்கத்திலே ‘ஹாலந்து கிராமம்’ என்று சிறியதாக ஒன்று தொடங்கினார்கள். அதற்கு வந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் 1992 மார்ச் 25-ந் தேதி ஹவுஸ் டென் பாஷைத் திறந்தார்கள். 152 ஹெக்டேர் பரப்பு, அதாவது 375 ஏக்கர். ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்.

எனக்கு ஆச்சரியம் தந்தது கட்டடங்கள்கூட அல்ல, மண். தொழிற்சாலைகளுக்காகக் கடலைத் தூர்த்து வைத்து, யாரும் வராமல் சும்மா கிடந்த பொட்டல் இது. புல்கூட முளைக்காத மண்ணைக் கிளறி, எரு கலந்து பதப்படுத்தி, சுமார் நாலு லட்சம் மரங்கள் நட்டார்கள். கால்வாய்க் கரைக்கு சிமென்ட் பூசாமல் கல்லை அடுக்கினார்கள், இடுக்கில் நண்டும் மீனும் குடியிருக்கட்டும் என்று. கழிவு நீரை அங்கேயே சுத்தம் செய்து செடிகளுக்கு விட ஏற்பாடு செய்தார்கள். நம் வீட்டில் கழுநீரை வாழைக்கு விடுகிறோமே, அதே புத்திதான், பெரிய அளவில்!

படகில் ஏறிக் கால்வாயில் போனேன். ஜூன் மாதம் அங்கே மழைக்காலம். பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருந்தது. கூட்டமும் குறைவு. பாலங்களுக்கு அடியில் நுழைந்து நுழைந்து படகு போனபோது, பக்கத்தில் யாரும் “அம்மா, பசிக்குது” என்று சொல்லவில்லை. அது சுகமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

கடைசியில் அரண்மனை. ‘ஹவுஸ் டென் பாஷ்’ என்றால் ‘காட்டிலுள்ள வீடு’ என்று அர்த்தம். ஹாலந்தில், ஹேக் நகரில் இருக்கும் ராஜ குடும்பத்து மாளிகையின் பெயர் அது. ராஜ குடும்பத்தின் சம்மதம் வாங்கி வெளித்தோற்றத்தை இங்கே அப்படியே கட்டியிருக்கிறார்கள். அசல் மாளிகையை 1645-ல் கட்ட ஆரம்பித்தது அமாலியா என்ற இளவரசிக்காக. பாதியிலேயே, 1647-ல் கணவர் இறந்துபோனார். அந்த அம்மாள் வேலையை நிறுத்தவில்லை. நடுக்கூடத்தைக் கணவரின் நினைவு மண்டபமாக மாற்றி, ஓவியர்களை வரவழைத்துச் சுவர் முழுக்கச் சித்திரம் எழுதச் செய்தார். அந்த மாளிகைக்கென்று 18-ஆம் நூற்றாண்டில் போட்ட தோட்டத் திட்டம் ஒன்று ஹாலந்தில் நிறைவேறாமலே போயிற்று. அதை இங்கே, இந்த நகல் மாளிகையின் பின்புறம் உண்டாக்கியிருக்கிறார்கள். அங்கே காகிதத்தோடு நின்றது இங்கே செடியாக வளர்ந்து நிற்கிறது!

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. போட்ட பணம் திரும்பாமல் 2003-ல் கடன் தலைக்கு மேல் போய் நொடித்துவிட்டது. 2010-ல் ஒரு பிரயாண நிறுவனம் எடுத்து நடத்தித் தூக்கி நிறுத்தியது. ராத்திரியில் லட்சக்கணக்கான விளக்குகள் போட்டுக் கூட்டத்தைத் திருப்பினார்கள். 2022-ல் மறுபடி கை மாறியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே அந்த மரங்கள் மட்டும் வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன.

ஒரு நாற்காலி, ஒரு தட்டு

மதியம் ஒரு மணிக்குப் பசி வந்துவிட்டது. ஓட்டல் வாசலில் பத்து நிமிஷம் நின்றேன், உள்ளே போகக் கால் வரவில்லை. நம் ஊரில் தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனபோதுகூட ஒரு காபியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடியிருக்கிறேனே தவிர, இலை முன் தனியாக உட்கார்ந்ததில்லை.

“நான்மேய் சாமா?” – எத்தனை பேர்?

ஒரு விரல். ஜன்னலோரமாய் ஒரு சின்ன மேஜையைக் காட்டினாள் அந்தப் பெண். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தால் என்னைப் போல இன்னும் இரண்டு பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்து, புத்தகம் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுகிறார்கள்!

தங்கை ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்: ‘மாமிசம், மீன், முட்டை, மீன் வேகவைத்த சாறு எதுவும் சாப்பிட மாட்டேன்.’ அதைப் படித்துவிட்டு அவள் உள்ளே போய்க் கேட்டு வந்து, ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, உருக்கிய சீஸ், காய்கறி என்று கொண்டுவந்து வைத்தாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் சூடாக, உட்கார்ந்து, நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்ட சாப்பாடு அது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்களும் ஒரு தடவை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட தாய்

வசந்த காலத்தில் வந்தால் ட்யூலிப் பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் இருக்குமாம். நான் போனது ஜூனில். அப்போது ‘அஜிசாய்’ பூக்காலம். நம் ஊட்டி, கொடைக்கானலில் வீட்டு வாசலில் நீலப் பந்து போலப் பூக்குமே, ஹைட்ரேஞ்சியா, அதுதான். மண்ணில் புளிப்பு இருந்தால் நீலமாகவும், சுண்ணாம்பு இருந்தால் ரோஜா நிறமாகவும் பூக்கும் வேடிக்கையான செடி. (குழந்தைகள் இலையையோ பூவையோ வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.)

தெஜிமாவில் வைத்தியராக இருந்த ஸீபோல்ட் என்ற ஜெர்மானியர் ஒரு அஜிசாய் வகைக்கு ‘ஒதாக்ஸா’ என்று பெயர் வைத்தார். அவரோடு வாழ்ந்த ஜப்பானியப் பெண் ‘ஒதாகி சான்’ நினைவாகத்தான் என்று சொல்கிறார்கள். வெளியே கொண்டுபோகக் கூடாத தேசப்படங்களை வைத்திருந்தார் என்று 1829-ல் அவரை நாடு கடத்திவிட்டார்கள். மகள் இனேவுக்கு அப்போது வயது இரண்டு. அந்தக் குழந்தை வளர்ந்து, மேல்நாட்டு வைத்தியம் படித்து, பிரசவம் பார்க்கும் டாக்டராகி, 1873-ல் அரண்மனைப் பிரசவத்துக்கே அழைக்கப்பட்டாள்!

இதைவிட என் மனதைப் பிசைந்தது இன்னொருத்தியின் கதை. முதல் நாள் ராத்திரி தங்கை கணவர் சொன்னது. தெஜிமாவில் வியாபாரிகள் தங்கள் மனைவி மக்களை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. 1817 ஆகஸ்டில் அந்தத் தீவின் புதுத் தலைவர் ப்ளோம்ஹொஃப் மனைவியையும் கைக்குழந்தையையும் துணிந்து அழைத்து வந்துவிட்டார். அவள் பெயர் திட்டியா. ஜப்பானியச் சித்திரக்காரர்கள் அவளை விதவிதமாக வரைந்து தள்ளினார்கள். மேல்நாட்டுப் பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லையே! ஆனால் மேலிடத்து உத்தரவு இறங்கவில்லை. டிசம்பரில் குழந்தையோடு அவளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. 1821-ல் அவள் ஹாலந்தில் கண்ணை மூடினாள். புருஷனும் பெண்சாதியும் மறுபடி சந்திக்கவேயில்லை. படத்திலும் பொம்மையிலும் பீங்கானிலும் அவள் முகம் மட்டும் ஜப்பானில் தங்கிவிட்டது.

அஜிசாய்ப் புதர் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். எனக்கு யார் அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நானேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பையை யாரிடம் கொடுப்பது?

அந்த எண்ணத்தோடு நடந்தபோது எதிரே மூன்றடுக்கு ராட்டினம். மரக்குதிரைகள் ஏறி இறங்கிச் சுற்றுகின்றன, பாட்டு, விளக்கு எல்லாம்!

நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் வருஷா வருஷம் போகிறோம். ராட்டினத்தைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். கூடவே இவரும் ஏறிவிடுவார். எனக்கு எப்போதும் ஒரே வேலை. கீழே நின்று எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்வது, மேலே வரும்போது கையாட்டுவது. யாரும் என்னைத் தடுத்ததில்லை. “அம்மாவுக்குத் தலை சுத்தும்” என்று நானே சொல்லி வைத்திருந்தேன்.

வரிசையில் நின்றேன். ஒரு விரலைக் காட்டினேன். பையை யாரிடமாவது கொடுக்கலாமென்று என்னையறியாமல் திரும்பினேன். யாரும் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு, சூரிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, குதிரை மேல் ஏறினேன். சுற்றியது. தலை சுற்றவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீழே நின்ற ஒரு ஜப்பானியத் தாய் தன் குழந்தைக்குக் கையாட்டினாள், நானும் அவளுக்குக் கையாட்டினேன். கையில் இரண்டு பைகள், தோளில் ஒரு பை. என் ஜாதிதான்!

இறங்கும்போது கண் கலங்கிவிட்டது. காரணம் கேட்காதீர்கள்.

கோபுரத்திலிருந்து

கடைசியாக ‘டோம்டோரன்’ கோபுரம். ஹாலந்தில் உத்ரெக்ட் நகரத்து மாதா கோயில் கோபுரத்தின் சாயலில் கட்டியது. உயரம் 105 மீட்டர். அசல் 112 மீட்டர். அசல் கோபுரத்தில் 465 படி ஏற வேண்டுமாம். இங்கே லிஃப்ட் இருக்கிறது, என் முழங்கால் பிழைத்தது!

மேலேயிருந்து பார்த்தால் ஓமுரா வளைகுடா ஏரி போல அமைதியாகக் கிடக்கிறது. தங்கை கணவருக்குப் போன் செய்து, பாட்டி சொன்னதைக் கேட்டேன். அவர் விளக்கியதும்தான் புரிந்தது. 1945-ல் யுத்தம் தோற்றபோது சீனாவிலும் கொரியாவிலும் மற்ற இடங்களிலும் இருந்த ஜப்பானியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1950 வரை சுமார் 14 லட்சம் பேர் இங்கே பக்கத்திலிருக்கும் உரகஷிரா துறையில் வந்து இறங்கினார்களாம். பசியும் நோயுமாக, குழந்தைகளைக் கட்டிக்கொண்டு நடந்து வந்து அவர்கள் தங்கிய பட்டாள முகாம் இருந்த நிலம்தான் இன்றைக்கு இந்தப் பூந்தோட்டம். ‘இரண்டு வயது, தாயின் முதுகு, கப்பல்’ – அவ்வளவுதான் அந்தப் பாட்டியின் கதை. கோபுரத்தின் மேல் நின்று, முகம் தெரியாத அந்தத் தாயை மனதில் கும்பிட்டேன்.

சாயங்காலம் விளக்கு போடுவதைப் பார்க்காமல் வராதே என்று எல்லோரும் சொன்னார்கள். ஜூன் மாதத்தில் அங்கே இருட்டவே ஏழரை மணியாகிவிடுகிறது. குழந்தையின் ராத்திரிக் குளியலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்ததால் முந்தின ரயிலிலேயே கிளம்பிவிட்டேன். “ஏன்க்கா, இருந்து பார்த்துட்டு வந்திருக்கலாமே” என்று தங்கை கோபித்தாள். “பாக்கி வெச்சாத்தானேடி திரும்பப் போகத் தோணும்” என்றேன்.

தனியாகப் போகிறவர்களுக்கு

சகோதரிகள் யாராவது மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஜப்பான் போக நேர்ந்தால், என் அனுபவத்தில் சில குறிப்புகள்:

தங்கியிருக்கும் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் பேசும். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119.

பெட்டி நம்பர், இருக்கை நம்பர் இரண்டையும் ஏறுமுன் சரிபாருங்கள். திரும்பும் ரயில் நேரத்தைப் போன உடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் என்னைப் போல ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் காய்கறிச் சூப் என்று நினைப்பதில்கூட மீன் சாறு கலந்திருக்கும்.

குப்பைத் தொட்டி எளிதில் கண்ணில் படாது. ஒரு காலிப் பை எடுத்துப் போய், குப்பையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

புதுச் செருப்பு வேண்டாம். கல் பாவிய தெருவில் நாள் முழுக்க நடக்க வேண்டும். வந்ததும் வெதுவெதுப்பான வெந்நீரில் கல் உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் காலை வைத்திருங்கள், வலி பறந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், காலில் சூடு தெரியாமல் போகலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. 2025 ஜூனில் மிஃப்பி என்ற முயல்குட்டிக்கென்று தனியே ஒரு பகுதியும் திறந்திருக்கிறார்கள். அந்த முயலும் ஹாலந்துக்காரிதான்!

வீடு திரும்பிய பிறகு

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து இவர் கேட்டார், “தனியா போயிட்டு வந்தியே, அப்படி என்னதான் பார்த்தே?” என்று. காற்றாடி, கால்வாய், கோபுரம் எல்லாம் சொன்னேன். ராட்டினத்தைச் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உனக்குத் தலை சுத்தும்னு இல்லே நெனைச்சிட்டிருந்தேன்” என்றார்.

போன வருஷக் கந்தூரியில் ராட்டினம் வந்தது. பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார்கள். கீழே பார்த்தேன். எங்கள் எல்லோருடைய பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு இவர் நின்றுகொண்டிருந்தார். மேலே வரும்போதெல்லாம் கையாட்டினார்.

எல்லோராலும் ஜப்பான் போக முடியாது. நானே தங்கைக்குக் குழந்தை பிறந்திராவிட்டால் போயிருக்க மாட்டேன். ஆனால் மாதத்தில் ஒரு நாள் வேண்டாம், வருஷத்தில் ஒரே ஒரு நாள், பக்கத்து ஊர்க் கோயிலோ, கடற்கரையோ, பூங்காவோ, உங்களுக்குப் பிடித்த இடத்துக்குத் தனியாகப் போய் வாருங்கள். கல்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பாருங்கள். வீடு எங்கும் ஓடிவிடாது. திரும்பி வரும்போது அதே வீடுதான் இருக்கும், அதே அடுப்புதான் இருக்கும். வருகிறவள் மட்டும் கொஞ்சம் தெளிந்து வருவாள்.

“எத்தனை பேர்?” என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் ஒரு விரலைக் காட்டுங்கள்.